ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு என்று சொன்னார்கள், நம்பிவிட்டேன்

ஒரே கோளாறு நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை வந்தது. முதல் முறை காசு போனது. அது எப்படிப் போனது என்று இரண்டாவது முறைதான் புரிந்தது.

என்னுடையது விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மொத்தமும் ஒரே சி டிரைவ். சில வாரங்களாகவே மந்தம். ஒரு கோப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது, மிச்சம் சில நூறு எம்பிதான். பழைய வீடியோக்களை அழித்து 10 ஜிபி காலி செய்தேன். இரண்டு மூன்று நாளில் அதுவும் காணோம். சி டிரைவில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து பிராப்பர்டீஸ் பார்த்தால் 170 ஜிபி சொச்சம்தான் வருகிறது. மீதி முந்நூறு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக, கணக்கிலேயே இல்லை.

இங்கேயே நான் யோசித்திருக்க வேண்டும். காலி செய்த இடம் திரும்பத் திரும்ப நிறைகிறது என்றால் ஏதோ ஒன்று எழுதிக்கொண்டே இருக்கிறது என்றுதானே பொருள்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

டெக்னீசியன் பத்து நிமிடம் பார்த்தார். "டிஸ்க் போயிடுச்சு சார், பேட் செக்டர். இருக்குற இடத்தைத் தப்பாக் காட்டுதுன்னாலே சாகப் போகுதுன்னு அர்த்தம். உள்ள இருக்குறதை அப்படியே குளோன் பண்ணி புது 1 டிபி போட்டுத் தர்றேன்" என்றார். பேட் செக்டர் என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம். எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை.

மறுநாள் வாங்கப் போனால் திரையில் 931 ஜிபி என்று இருந்தது. மிச்சம் எங்கே என்றேன். பழைய டிஸ்க்கிலிருந்து வைரஸ் வந்து பிடித்துக்கொண்டதாம், ஆன்டிவைரஸ் போட்டால் சரியாகிவிடுமாம். அதற்கும் பணம் கட்டினேன்! விஷயம் வெறும் கணக்குதான். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக வைத்து விற்கிறார்கள். விண்டோஸ் 107 கோடிக்குச் சற்று மேல் வைத்து எண்ணுகிறது. அதனால் எந்த 1 டிபி டிஸ்க்கை மாட்டினாலும் 931தான் வரும். என்னுடைய பழைய 500கூட 465 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது, நான்தான் கவனித்ததில்லை.

பழைய டிஸ்க்கைக் கேட்டேன். "அது எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு சார்." எக்ஸ்சேஞ்ச் என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. பில்லில் டிஸ்க்கின் சீரியல் நம்பரும் இல்லை.

நான்கு மாதம் கழித்து மறுபடி மந்தம், மறுபடி சிவப்புப் பட்டை. புது டிஸ்க், இரண்டு மடங்கு இடம், அதுவும் நிறைந்துவிட்டது. இந்த முறை எங்கும் தூக்கிக்கொண்டு போகவில்லை. விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை இறக்கி, வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். அப்படி ஓட்டுவது முக்கியம். சும்மா ஓட்டினால் உங்களுக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்கள் கணக்கில் வராது. முன்பு நான் பிராப்பர்டீஸில் பார்த்தபோது முந்நூறு ஜிபி மறைந்ததும் இதனால்தான்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில் 'கேப்' என்று தொடங்கும் பெயர்களில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தன. பெரும்பாலானவை நூறு எம்பிக்கு மேல். இது விண்டோஸ் 7இல் பலரும் பட்ட பழைய தொல்லை என்பது தேடியபோது தெரிந்தது. அப்டேட் வேலைகளைக் குறித்துவைக்கும் சிபிஎஸ் என்ற லாக் கோப்பு ஒன்று உண்டு. அது பெருத்ததும் மேக்கேப் என்ற நிரல் அதைச் சுருக்கிவைக்கும். ஆனால் அது உருவாக்கும் கேப் என்ற சுருக்கக் கோப்பு வடிவத்துக்கு 2 ஜிபி வரம்பு இருக்கிறது. லாக் அதைத் தாண்டிவிட்டால் சுருக்கும் வேலை பாதியில் தோற்று, அரைகுறைக் கோப்பை டெம்ப்பில் போட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு கோப்பு விழும். டிஸ்க்கும் பிராசஸரும் இரவு பகலாக இந்த வீண் வேலையில் கிடந்தால் சிஸ்டம் எப்படி வேகமாக ஓடும்? குளோன் செய்தபோது இந்த வியாதியும் அப்படியே புது டிஸ்க்குக்குக் குடிவந்துவிட்டது.

சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரை நிறுத்தினேன். லாக்ஸ் ஃபோல்டருக்குள் சிபிஎஸ் என்ற ஃபோல்டரில் இருந்த பெருத்த லாக்கை அழித்தேன், பிறகு டெம்ப்பில் இருந்த கேப் கோப்புகளை. ரீஸ்டார்ட் செய்ததும் எழுநூறு ஜிபிக்கு மேல் காலி. நேரம் பிடித்தது அழிப்பதற்குத்தான்.

உங்களுக்கும் இதே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிஸ்டம் ரீஸ்டோர் சேமிக்கும் நிழல் நகல்களும், ஹைபர்னேஷன் கோப்பும், தேடலுக்கான இண்டெக்ஸ் கோப்பும் கண்ணுக்குத் தெரியாமல் இடத்தை அடைக்கும். சில நேரம் எந்தக் கோப்புமே குற்றவாளி இல்லை. எந்த இடம் காலி, எந்த இடம் நிறைந்தது என்று குறித்துவைக்கும் வால்யூம் பிட்மேப் பிசகி, காலி இடத்தையே நிறைந்ததாகக் காட்டும். விண்டோஸிலேயே இருக்கும் செக்டிஸ்க் என்ற சோதனை நிரலை /f சேர்த்து ஓட்டினால் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். இவை எதற்கும் புது டிஸ்க் தேவையில்லை. டிஸ்க் நிஜமாகவே சாகலாம்தான், அப்போது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் அது பல நேரம் தெரியும். அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நானும் அந்தப் 'புது' டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். இதுவரை ஓடிய நேரம் 21,000 மணிக்கு மேல் என்று இருந்தது. நான்கு மாதம் ஒரு நிமிடம்கூட அணைக்காமல் ஓட்டியிருந்தாலும் 3,000 மணி வராது. யாரோ இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டித் தேய்த்த டிஸ்க்கைத்தான் புதிது என்று டெக்னீசியன் என் தலையில் கட்டியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய கவலை பழைய டிஸ்க். அதில் குடும்பப் படங்கள், அடையாளச் சான்று நகல்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் இருக்கின்றன. அன்றைக்கே உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். நான்கு மாதம் தாமதம்தான், வேறென்ன செய்ய?

அப்புறம் ஸ்மார்ட் பதிவைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுது" என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார். பழைய டிஸ்க்காவது வேண்டும் என்று நகராமல் நின்றேன். உள்ளே போய் அரை மணி நேரம் தேடி, "இந்தாங்க சார், நல்லவேளை, அனுப்பாம வச்சிருந்தோம்" என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். திருப்பிப் பார்த்தேன். லேபிளில் 320 ஜிபி என்று இருந்தது.