பற்றரி மாத்தித் தாறம் என்று சொல்லி 4 இலட்சத்து 75 ஆயிரம் வாங்கினார்கள், பற்றரியைக் கழற்றவே இல்லை

யாழ்ப்பாணத்தில் பழைய மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பற்றரிக்குக் காசு குடுக்க முதல் இதை வாசியுங்கோ. எங்கள் 4 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா போயிருக்கு. அந்தக் காசை வாங்கினது, ஹைபிரிட், மின்சாரக் கார் பற்றரி வேலை மட்டும் செய்கிறோம் என்று போர்ட் போட்ட ஒரு கடை. பெயர் எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன்.

கார் 2014 நிஸான் லீஃப், 24 கிலோவாற் மணி பற்றரி. மீற்றரில் பற்றரி அளவுக்கு வலப்பக்க ஓரத்தில் 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். பற்றரி தேயத் தேய அவை ஒவ்வொன்றாக அணையும். இந்தக் காரில் மிஞ்சியிருந்தது 7, அதாவது புதிதாக இருந்தபோது பிடித்த கொள்ளளவில் ஏறத்தாழ 55, 60 வீதம். இந்தப் பற்றரிக்குத் தண்ணீரால் குளிராக்கும் அமைப்பு இல்லை. எங்கள் வெயிலில் அது கெதியாகத் தேயும், அது தெரிந்த விசயம். பற்றரிக்குள் 48 மொடியூல்கள், அதாவது செல்கள் அடைத்த பெட்டிகள். அவற்றில் பலவீனமானவற்றைக் கழற்றி நல்லதைப் போட்டுத் தருவோம், ஒரு வருட கியாரண்டி என்றார்கள்.

எங்களை நம்ப வைத்தது மேசையில் அடுக்கியிருந்த மொடியூல்கள்தான். ஒரு பெடியன் மல்ரிமீற்றரை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துக் காட்டினான். 7.6, 7.6, 7.6 வோல்ற். "பாருங்கோ அண்ணை, ஒண்டும் விலகேல்லை. யோசியாதேங்கோ, காரை விட்டிட்டுப் போங்கோ." கடை முதலாளி தேத்தண்ணி வரவழைத்தார். காசு முழுவதும் முன்கூட்டியே வாங்கப்பட்டது, "மொடியூல் கொழும்பில இருந்து எடுக்கவேணும்" என்று.

அந்த 7.6 எதையும் சொல்லாது. ஒரு மொடியூலுக்குள் சோடி சோடியாகத் தொடுத்த நாலு செல்கள் இருக்கும். பாதி செத்த மொடியூலைக்கூட அரைவாசி சார்ஜ் ஏற்றி வைத்தால், மின்னை இழுக்கும் சுமை இல்லாதபோது அதே 7.6 காட்டும். கொள்ளளவு தெரியவேண்டுமென்றால் சுமை கொடுத்து இறக்கி, எத்தனை அம்பியர் மணி வந்தது என்று அளக்கவேண்டும். அந்த அளவு ஒரு கடதாசியில்கூட எழுதித் தரப்படவில்லை.

கார் திரும்பி வந்தது. மீற்றரில் 12 கட்டமும் பளிச்சென்று எரிந்தது. 100 வீதம் ஏற்றி ஏ9இல் கிளிநொச்சிக்கு விட்டபோது கொடிகாமம், பளை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனையிறவு தாண்டினதும் 40 வீதத்துக்குக் கிட்ட நின்ற சார்ஜ் ஒரேயடியாக விழுந்தது. பரந்தனுக்கு முன்னமே, சார்ஜ் தீரப்போகிறது என்று காட்டும் ஆமை விளக்கு எரிந்து கார் ஊரத் தொடங்கிவிட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த அந்தத் திறந்த வெளியில், லொறிகள் பறக்கிற வீதியில், வேகம் எடுக்காத கார்.

நடந்தது இதுதான். காரின் பற்றரிக் கணினி பழகி வைத்திருந்த கணக்கை, ஓபிடி வாயில், அதாவது காரின் கோளாறு பார்க்கும் கருவி கொழுவுகிற இடத்தில், கருவியைக் கொழுவி அழித்திருக்கிறார்கள். அழித்தவுடன் கணினி பற்றரி புதிது என்று நினைத்து 12 கட்டத்தையும் காட்டும். உள்ளே இருப்பது அதே பழைய செல். 96 செல் சோடிகள் தொடராக இருப்பதால் ஒன்று இறங்கினாலே கார் மோட்டருக்குப் போகும் மின்னைக் குறைத்துவிடும். ஓட ஓடக் கணினி உண்மையைத் திரும்பக் கற்கும், கட்டங்களும் திரும்ப அணையும்.

ஆதாரம் இரண்டு. முதலாவது, காரைத் தூக்கி அடியில் பார்த்தோம். பற்றரிப் பெட்டி 300 கிலோவுக்குக் கிட்ட வரும், அதைக் கீழே இறக்காமல் ஒரு மொடியூலும் மாற்ற முடியாது. பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ற் தலைகளில் செம்மண் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு தலையிலும் சாவி பட்ட தடம் இல்லை. மூடியைச் சுற்றிய ஒட்டுப்பசையும் வெட்டப்படவில்லை.

இரண்டாவது, சார்ஜ் ஏற்றும் வயருக்கு முன்னால், எத்தனை யூனிற் போகிறது என்று காட்டும் ஒரு சப் மீற்றர் போட்டு, ஆமை விளக்கு நிலையிலிருந்து 100 வீதம் வரை ஏற்றினோம். நல்ல 24 கிலோவாற் மணி பற்றரி வீண்போவதையும் சேர்த்து 24 யூனிற்றுக்குக் கிட்ட இழுக்கும். இது 13 யூனிற்றோடு நின்றது. ரிசீற்றில் 4 இலட்சத்து 75 ஆயிரம், பற்றரியில் 13 யூனிற்.

கேட்கப் போனால் ஒவ்வொரு நாளும் ஒரு கதை. "ஏசி போட்டு ஓடியிருப்பியள்." லீஃபின் ஏசி தூரத்தைக் கொஞ்சம் குறைக்கும், அரைவாசி ஆக்காது. "உங்கட வீட்டுக் கறண்ட் குறைவு." வோல்ற் குறைந்தால் சார்ஜ் ஏற நேரம் எடுக்கும், பற்றரியின் கொள்ளளவு சுருங்காது. "கொஞ்ச நாள் ஓடினாத்தான் செல் செட்டாகும்." மாற்றாத செல் எதோடு செட்டாகும்? கழற்றின பழைய மொடியூலைக் காட்டுங்கோ என்றால் "அது கொழும்புக்கு அனுப்பியாச்சு". பிறகு "ரெக்னீசியன் லீவு", பிறகு "வாற கிழமை வாங்கோ", பிறகு போன் எடுக்கிறதே இல்லை. கடைசியாகக் கட்டம் அணையத் தொடங்கினதும் "நீங்கள்தான் ஓடிப் பழுதாக்கிப்போட்டியள்" என்று பழியையும் எங்கள் தலையில் போட்டார்கள். ரிசீற்றில் "பற்றரி சேர்விஸ்" என்று இரண்டு சொல். கியாரண்டி எல்லாம் வாயால் சொன்னது.

இந்த "வாற கிழமை"க்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். இழுத்தடித்து அந்த மூன்று மாதத்தைத் தாண்ட வைத்தால் 4 இலட்சத்து 75 ஆயிரமும் அவர்களுக்கு. ஆகவே முதல் "வாற கிழமை"யிலேயே எழுதிக் கொடுங்கோ. அதிகார சபையின் தொலைபேசி 1977.

விபரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்ப அவசரத்துக்கு இவ்வளவும்:

கட்டத்தை நம்பாதேங்கோ. வேலைக்கு முன்னும் பின்னும் சப் மீற்றரில் யூனிற் பாருங்கோ.

லீஃபின் பற்றரி விபரத்தைப் போனில் காட்டும் லீஃப் ஸ்பை செயலியும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியும் வாங்குங்கோ. சார்ஜ் 20 வீதத்துக்கு இறங்கினபிறகு காரை அழுத்தி ஓடிக்கொண்டு 96 சோடிகளையும் பக்கத்தில் இருக்கிற ஒருவர் பார்க்கட்டும். ஒன்றிரண்டு மட்டும் பள்ளமாக விழுந்தால் அங்கேதான் நோய். முழுச் சார்ஜில் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும், கடைக்காரர் அதைத்தான் காட்டுவார்.

பற்றரி இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கோ. விடமாட்டோம் என்றால் காரைத் திருப்பி எடுங்கோ. போல்ற் தலைகளை முதலே படம் எடுத்து வையுங்கோ.

ரிசீற்றில் எத்தனை மொடியூல், என்ன கொள்ளளவு, எவ்வளவு காலக் கியாரண்டி எல்லாம் எழுதுவியுங்கோ. பழைய மொடியூல் உங்கட கைக்கு வரவேண்டும். காசில் பாதியை வேலை முடிந்து, கிளிநொச்சிக்கு ஒருக்கா ஓடிப் பார்த்த பிறகு குடுங்கோ.