16 வயதில் கையெழுத்தா, 25 வயது வரை காத்திருப்பா? மேஜர் லீக்குக்குப் போகும் மூன்று வழிகள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் வெளிநாட்டுப் பையன்களை எப்படி எடுக்கின்றன என்பது, அந்தப் பையன் எங்கே பிறந்தான் என்பதைப் பொறுத்து அடியோடு மாறுகிறது. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா என்றால் 16 வயதில் நேரடி ஒப்பந்தம். ஜப்பான் என்றால் முதலில் உள்ளூர் லீக், அப்புறம்தான் அமெரிக்கா. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவு என்றால் அமெரிக்கப் பையன்களோடு சேர்ந்து டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கையெழுத்திடும்போது கிடைக்கும் போனஸ் தொகையைத்தான் பார்க்கிறார்கள். மேஜர் லீக்கை எட்டாமல் போகிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதே சரி என்பேன். ஏனென்றால் எட்டாதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர்.

டொமினிகன் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1987-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அங்கே காம்போ லாஸ் பால்மாஸ் அகாடமியைத் திறந்தது. இன்று 30 அணிகளுக்கும் அந்த நாட்டில் அகாடமி உண்டு. கையெழுத்துக் காலம் ஜனவரி 15 முதல் டிசம்பர் 15 வரை. 2017 முதல் ஒவ்வொரு அணிக்கும் போனஸுக்குக் கறாரான உச்சவரம்பு இருக்கிறது. 2025-ல் பெரிய ஒதுக்கீடே சுமார் 75 லட்சம் டாலர்தான். எந்த அணி வேண்டுமானாலும் விலை பேசலாம், பையனும் பிடித்த அணியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இந்த வழியின் பெரிய பலம்.

ஆனால் ஸ்கவுட், அதாவது அணிக்காக வீரர்களைத் தேடுபவர், இங்கே மதிப்பிடுவது இன்னும் வளர்ந்து முடியாத உடம்பை. ஓட்ட வேகம், எறியும் பலம், மட்டை சுழலும் வேகம் ஆகியவற்றை அளந்து, 22 வயதில் இவன் எப்படி இருப்பான் என்று ஊகிக்கிறார்கள். ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்குத் தொகைகளே சாட்சி. 2015-ல் ஹுவான் சோட்டோவுக்கு 15 லட்சம் டாலர் கிடைத்தது. ரொனால்ட் அகூனாவுக்கு 2014-ல் 1 லட்சம்தான். வெனிசுவேலாவில் ஹோசே அல்டுவே குள்ளமாக இருக்கிறார் என்று தேர்விலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். மறுபடி வந்து நின்றபோது, 2007-ல், 15,000 டாலருக்குக் கையெழுத்திட்டார். இவர்களில் அகூனாவும் அல்டுவேயும் பின்னாளில் தங்கள் லீகின் எம்விபி, அதாவது அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரர், ஆனார்கள்.

உச்சவரம்பு இன்னொரு கெடுதலையும் கொண்டுவந்தது. பணம் அளவானது என்பதால் அணிகள் முந்திக்கொண்டு, 12, 13 வயதுப் பையன்களிடமே வாய்மொழியாகப் பேசி முடித்துவிடுகின்றன. நடுவில் நிற்பவர் புஸ்கோன் எனப்படும் தனியார் பயிற்சியாளர். பையனைத் தங்கவைத்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, போனஸில் 30 சதவீதம், சில நேரம் அதற்கும் மேல் எடுத்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் அந்த வயதிலேயே நின்றுபோகிறது. கடைசி நேரத்தில் அணி மனம் மாறினால் எழுத்தில் எதுவும் கிடையாது. மற்ற அணிகளின் பணமும் அதற்குள் பேசி முடிந்திருக்கும். வயது ஏற ஏற விலை இறங்கும் சந்தையில் வயது மோசடி வருவதும் வியப்பில்லை: 2006-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 14 லட்சம் டாலருக்கு எடுத்த ‘16 வயது’ வீரர், உண்மையில் 4 வயது மூத்தவர், பெயரே வேறு என்று 2009-ல் தெரியவந்தது.

ஜப்பானில் கதை வேறு. பையன் உயர்நிலைப் பள்ளியில் ஆடுகிறான், கோஷியென் என்ற தேசியப் பள்ளிப் போட்டியைக் கனவு காண்கிறான், பிறகு உள்ளூர் டிராஃப்டில் ஒரு கிளப்புக்குப் போகிறான். 2012-ல் ஷோஹெய் ஒஹ்தானி நேராக அமெரிக்கா போவதாகத்தான் அறிவித்தார். நிப்பான் ஹாம் கிளப் பிடிவாதமாக அவரைத் தேர்ந்தெடுத்து, பந்தும் வீசலாம், மட்டையும் பிடிக்கலாம் என்று சொல்லி மனதை மாற்றியது. அமெரிக்க மைனர் லீகில், அதாவது மேஜர் லீகுக்குக் கீழே உள்ள பயிற்சிப் படிகளில், அந்தப் பொறுமை கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஜப்பான் கிளப் தன் வீரரை அமெரிக்க அணிகளோடு பேச விடுவதற்குப் போஸ்டிங் என்று பெயர். இந்த முறையில், வீரரை அனுப்பும் கிளப்புக்கும் பணம் வருகிறது. 25 வயதில் பந்துவீச்சாளர் யமமோட்டோ டாட்ஜர்ஸோடு 32.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தபோது, ஓரிக்ஸ் கிளப்புக்கு 5 கோடிக்கு மேல் கிடைத்தது. 25 ஆகாதவர் மேலே சொன்ன போனஸ் உச்சவரம்புக்குள்தான் வரவேண்டும். அதனால் ஒஹ்தானி 23 வயதில் 23.15 லட்சத்துக்கும், ரோகி சசாகி 2025-ல் 65 லட்சத்துக்கும் போனார்கள். குறை என்னவென்றால், எப்போது விடுவது என்பது கிளப்பின் கையில். விடாவிட்டால், 9 ஆண்டு ஆடிய பிறகுதான் சொந்தமாக வெளிநாடு போகும் உரிமை. இருந்தாலும் மேஜர் லீகை எட்டாத ஜப்பானியருக்குப் பள்ளிப் படிப்பும், சம்பளம் தரும் ஒரு நல்ல லீகும் மிஞ்சுகின்றன. டொமினிகன் பையனுக்கு இரண்டும் இல்லை.

சரி, டிராஃப்ட்? புவேர்ட்டோ ரிக்கோ 1990 முதல் அதற்குள் இருக்கிறது. அதற்கு முன் இவான் ரோட்ரிகஸ் போன்றவர்கள் 16 வயதில் நேராகக் கையெழுத்திட்டார்கள். நீ வளர்க்கும் பையனை வேறொரு அணி தூக்கிக்கொண்டு போகலாம் என்றானதும், அணிகளுக்கு அந்தத் தீவில் முதலீடு செய்யக் காரணமே இல்லாமல் போயிற்று. அங்கிருந்து வரும் வீரர்களும் குறைந்தார்கள். நிலைமை தேறியதில் பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. படிப்பையும் பேஸ்பாலையும் ஒரே கூரையின் கீழ் வைத்த ஒரு பள்ளியிலிருந்து வந்த கார்லோஸ் கொரேயா, 2012 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வானார். உயர்நிலைப் பள்ளியை முடித்தால்தான் டிராஃப்ட் என்ற விதி அங்கே நல்லது செய்திருக்கிறது.

சர்வதேச டிராஃப்ட் வேண்டும் என்று மேஜர் லீக் நிர்வாகம் கேட்டு வருகிறது. 2022 ஜூலையில் வீரர்கள் சங்கத்தோடு பேச்சு முறிந்தது. வாய்மொழி பேரங்களை டிராஃப்ட் ஒழிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், விலை பேசும் பலமும் அதோடு போய்விடும். என் தேர்வு: சந்தை அப்படியே இருக்கட்டும், கையெழுத்து வயது 18 ஆகட்டும், பள்ளிப் படிப்பு கட்டாயமாகட்டும். ஏழைக் குடும்பம் இன்னும் 2 ஆண்டு எப்படிக் காத்திருக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த 2 ஆண்டுக்கான உதவித்தொகையையும் பள்ளிச் செலவையும் 30 அணிகளும் ஒரு பொது நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரே வீரருக்கு 32.5 கோடி டாலர் கொடுக்க முடிகிற தொழிலுக்கு இது முடியாத காரியம் இல்லை.