பூட்டுப் பெட்டியா, தடையா? பூச்சிமருந்துத் தற்கொலைகளும் இலங்கையின் அனுபவமும்

விவசாயக் கிராமங்களில் பூச்சிமருந்தால் நடக்கும் தற்கொலைகளைக் குறைக்க இரண்டு யோசனைகள் நெடுநாளாகப் போட்டி போடுகின்றன. மருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுப்பது ஒன்று, உயிர் பிழைக்கவே விடாத மருந்துகளைக் கடைக்கே வராமல் தடை செய்வது இன்னொன்று.

கேட்டவுடன் பெட்டிதான் பிடிக்கும். யார் வியாபாரமும் கெடாது, விவசாயிக்குப் பழகிய மருந்து கையில் இருக்கும், அரசுக்கும் யாரோடும் சண்டை இல்லை. சரி, உண்மையில் பலன் உண்டா என்று இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதித்தார்கள். எந்த ஊருக்குப் பெட்டி, எந்த ஊருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பல வருடம் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது: பெட்டியால் பூச்சிமருந்து குடிப்பது குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, சாவியும் அதே வீட்டில்தானே இருக்கிறது!

தடையின் கதை வேறு. 1995-இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த வருடம் மிகக் கொடிய மருந்துகளுக்குத் தடை வந்தது, 1998-இல் எண்டோசல்பான் போனது, 2008-க்குப் பிறகு இன்னும் மூன்று மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2005-க்குள் அந்த விகிதம் ஏறக்குறைய பாதியானது, அதற்குப் பிறகும் இறங்கியது. வேலையின்மை, குடி, விவாகரத்து, போர் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள், எதுவும் இந்த இறக்கத்தோடு பொருந்தவில்லை. நெல் விளைச்சலும் தடையால் விழவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்களின் எண்ணிக்கை அப்போது குறையவே இல்லை, வந்தவர்களில் அதிகம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆலோசனையும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும் (இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு எப்போது வேண்டுமானாலும் அழைத்துப் பேசலாம்), ஆனால் அந்த உதவி கிடைக்கும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

தடையைக் குலுக்கல் முறையில் சோதிக்க முடியாது, முன்னும் பின்னும் ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம் என்ற ஆட்சேபம் நியாயமானது. இருந்தாலும் வங்கதேசம், தென்கொரியா இரண்டிலும் தடைக்குப் பிறகு இதே திசையில்தான் எண்கள் நகர்ந்தன.

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தில் வீட்டுப் பெட்டிக்குப் பதிலாக ஊர்ப் பொதுக் கிடங்கு வைத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் முயற்சிதான், ஆனால் மிகச் சில ஊர்களில் மட்டும் நடந்ததால் அதை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது. 2023-இல் மாநில அரசு ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது, அதுவும் 60 நாளுக்கு மட்டும். 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குத் தற்காலிகத் தடை அதிகாரத்தை மட்டுமே தருகிறது, நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. பெட்டி வாங்க ஒதுக்கும் பணத்தையும் உழைப்பையும் அந்தக் கதவைத் தட்டச் செலவிடுங்கள் என்பதே என் கட்சி.