தபால்தலையா, வரிப் படிவமா?

கலிஃபோர்னியாவில் இருக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சுற்றுச்சூழல் காரணமா என்று ஆராய்பவர்களுக்குக் கொஞ்சம் பணம் தர ஆசை. கைக்கெட்டும் வழிகள் இரண்டு: அமெரிக்க அஞ்சல் துறை விற்கும் மார்பகப் புற்றுநோய் ஆய்வுத் தபால்தலை, மாநில வருமான வரிப் படிவத்தில் எழுதும் நன்கொடை.

எளிமை: தபால்தலை 1998 முதல் விற்கிறது. வழக்கமான விலைக்கு மேலே சில சென்ட் கூடுதல், அவ்வளவுதான். அம்பை எடுக்கக் கையை உயர்த்தும் வேட்டைத் தெய்வத்தின் படம். மார்பு இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் வளைந்து ஓடும். வடிவமைத்தவர் எதெல் கெஸ்லர், அந்த நோயைக் கடந்து வந்தவர். வரிப் படிவத்தில் அழகெல்லாம் கிடையாது: 540-ஆம் படிவம், அதில் இந்த நன்கொடைக்கான 405-ஆம் எண், ஒரு டாலரிலிருந்து.

பணம் போகும் இடம்: தபால்தலையில் 70 சதவீதம் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு, 30 பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆய்வுக்கு. சுற்றுச்சூழலுக்கென்று தனிப் பங்கு இல்லை. படிவத்துப் பணம் 1993-இல் தொடங்கிய மாநில ஆய்வுத் திட்டத்துக்கு. சுற்றுச்சூழல் காரணங்கள் அங்கே முதல் வரிசையில். ஓக்லாந்துப் பகுதியில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்துவைத்த ரத்தத்தில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அளந்து, மகள்களுக்கு வந்த நோயோடு ஒப்பிட்ட 2015 ஆய்வுக்கு இந்தத் திட்டமும் நிதி தந்தது. அளவு அதிகமிருந்த தாய்மாரின் மகள்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

நிலைப்பு: மாநிலத் திட்டத்தின் பெரிய வருமானம் சிகரெட் வரி. புகைப்பவர் குறையக் குறைய அதுவும் வற்றுகிறது. நல்ல செய்திதான், ஆனால் வில்லங்கம்!

பொதுவாகப் புற்றுநோய் ஆய்வுக்கு என்றால் தபால்தலை போதும். ரசாயனம்தான் உங்கள் கவலை என்றால் 405.