மன்னர் எங்கே நிற்கிறார்: பிரிட்டன், சுவீடன்

இரண்டு நாடுகளிலும் மன்னர் உண்டு, ஆட்சி நாடாளுமன்றத்தின் கையில். ஆனால் பிரதமர் பதவிக்கு வரும் விதத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிரிட்டனில், அவையில் பெரும்பான்மை ஆதரவு கிடைக்கும் தலைவரை மன்னரே அரண்மனைக்கு அழைத்து ஆட்சி அமைக்கச் சொல்கிறார். அதற்கெனத் தனி வாக்கெடுப்பு கிடையாது, பெரும்பாலும் மரபுதான். எனக்கு உறுத்துவதும் இதுதான். 2019-இல் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி ராணி எலிசபெத் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்க ஒப்புதல் தந்தார். பிரதமரின் ஆலோசனையை மறுக்க மரபு இடம் தரவில்லை. அப்புறம் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள்.

சுவீடனில் 1975-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் மன்னரை இந்த வேலையிலிருந்தே விலக்கிவிட்டது. சபாநாயகர்தான் பெயரை முன்மொழிகிறார். 349 உறுப்பினர்களில் 175 பேர் எதிர்த்து வாக்களிக்காவிட்டால் போதும், பிரதமர் ஆகிவிடலாம். 2021 நவம்பரில் மக்டலேனா ஆண்டர்சனுக்கு ஆதரவு 117, எதிர்ப்பு 174. ஒரே ஒரு வாக்கில் தப்பித்தார்! அன்றே பட்ஜெட் தோற்று, கூட்டணிக் கட்சி விலக, சில மணி நேரத்தில் ராஜினாமா. அடுத்த வாரம் மீண்டும் தேர்வானார்.

சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல்? பிரிட்டனில் வேண்டும், கடைசியாக மறுக்கப்பட்டது 1708-இல். சுவீடனில் தேவையே இல்லை.

என் ஓட்டு சுவீடனுக்கு. சரி, 2018 தேர்தலுக்குப் பின் அங்கே அரசு அமையவே நான்கு மாதம் ஆனது. ஆனால் கட்சிகளுக்கிடையே நடந்த அந்தப் பேரம் முழுக்க மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்குள்ளேதான் நடந்தது.