சந்தாவா, சுதந்திரமா? டிடிபி கடைக்கு எது சரி

வேலூர் லாங்கு பஜார் பக்கம் அச்சுக்குக் கணினியில் வடிவமைத்துத் தரும் ஒரு டிடிபி கடை போடுகிறீர்கள் என்றால் முதல் கேள்வி இதுதான்: டிசைன் போடும் மென்பொருளாக, காசு கட்டி அடோபி இல்லஸ்ட்ரேட்டரா, இலவச இங்க்ஸ்கேப்பா?

இல்லஸ்ட்ரேட்டர் பலருக்குப் பழகிய கை. வேலைக்கு வரும் பையன் முதல் நாளே கல்யாணப் பத்திரிகையை முடித்துவிடுவான். முகூர்த்த மாதத்தில் நாலு காசு பார்க்க அந்த வேகம் வேண்டும். ஆனால் 2013-லிருந்து அடோபி சந்தா வழிக்குப் போய்விட்டது. ஆடியில் கடையில் ஈ ஓட்டினாலும் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால், நாம் போட்ட டிசைனையே அதில் திறந்து திருத்த முடியாது. எனக்கு உறுத்துவது விலைகூட இல்லை, இந்தப் பிடிதான்.

இங்க்ஸ்கேப் 2003-இல் வந்தது. அதன் எஸ்விஜி (SVG) வகைக் கோப்பு பிரவுசரிலேயே திறக்கும். யூனிகோடு தமிழில் கொம்பு, கால் இடம் மாறாது. அச்சு மையின் நாலு நிறங்களைக் கொண்ட சிஎம்ஒய்கே வண்ணமுறைதான் தகராறு. அதற்கு ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளையும் பழக வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகளை மாற்றுவது தனித் தலைவலி.

ஃபிளக்ஸ் பேனர்தான் பிழைப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்க்ஸ்கேப். சிஎம்ஒய்கே கேட்கும் ஆஃப்செட் அச்சு வேலை அதிகமா? சரி, ஒரே ஒரு கணினிக்கு மட்டும் சந்தா கட்டுங்கள்.