பெரியாஸ்பத்திரியில் ஒரு காலை

இந்த முறை 25 நாள் லீவில் மதுரைக்குப் போயிருந்தேன். எனக்கு விவாகரத்தாகி நாலு வருடம். நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறவர் கணவரை இழந்தவர், திருமங்கலத்தில் ஆசிரியை. இரு வீட்டாரும் பேசி முடித்த பிறகு ஒருநாள் போனில் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கல்யாணத்துக்கு முன்னாடி நாம ரெண்டு பேருமே டெஸ்ட் எடுத்துக்கலாமாங்க?”

சுருக்கென்றுதான் இருந்தது. “துபாய்ல விசா மெடிக்கல்லயே எச்.ஐ.வி. பாக்குறாங்களே” என்றேன். “மத்ததெல்லாம்?” என்றார். நியாயமான கேள்வி. பாலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா தொற்றுகள் எல்லாம் அதில் வராது. இவை எந்த அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கக்கூடியவை. நாம் காசு கொடுத்து எடுக்கும் மாஸ்டர் செக்கப்பிலும் பொதுவாக இவை கிடையாது.

முதலில் போனது ஒரு தனியார் லேப். பின்னால் பத்துப் பேர் நிற்க, கவுன்டரில் இருந்தவர் “எச்.ஐ.வி.யா சார்? யாருக்கு?” என்று உரக்கக் கேட்டார். விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன். கூச்சத்தோடு வருகிற ஒரு சின்னப் பையன் இதைக் கேட்டால் மறுபடி எந்த லேப் வாசலையும் மிதிக்க மாட்டான். என் கோபம் அதுதான்.

மறுநாள் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை. அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஓ.பி. கூட்டத்தில் தெரிந்த முகம் ஏதாவது தட்டுப்படுமோ என்று வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, “உக்காருங்க சார், கல்யாணத்துக்கு முன்னாடி வர்றது நல்ல விஷயம்” என்றதும் பாதி பாரம் இறங்கியது. கடைசியாக உறவு எப்போது என்று கேட்டார். தொற்றிய சில வாரங்களுக்குள் பார்த்தால் ரத்தத்தில் தெரியாமலே போகலாமாம். எனக்கு 3 மாதம் எப்போதோ கடந்துவிட்டதால் முடிவை நம்பலாம் என்றார். கையெழுத்து வாங்கினார்கள், ரத்தம் எடுத்தார்கள், அன்றே முடிவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்கள். காசு எதுவும் இல்லை. பாலுறவால் பரவும் இன்னொரு நோயான சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். ரத்த டெஸ்டையும் அங்கேயே முடித்தேன். நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்து பேசலாம், கட்டணம் கிடையாது.

கிளமிடியா, கொனோரியாவுக்கான சிறுநீர் பி.சி.ஆருக்கு மட்டும் வேறொரு லேப் போனேன். ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்று இல்லை என்று வந்ததும் தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன். மொத்தம் 3 ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளை மாற்றிக்கொண்டோம். அவர் என்னுடையதை வரி விடாமல் படித்துவிட்டு நிமிர்ந்தார். “ரெண்டாவது ஊசி அங்க போய்த்தான போடணும்? தேதியச் சொல்லுங்க, நான் ஞாபகப்படுத்துறேன்.”